அபாய அறிவிப்பு: காதில் விழுந்தால் போதுமா?

‘வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.’ ‘வீட்டை விட்டு வெளியேற வேண்டாம்.’ இவ்விரு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்துதான். அமைதியான அறையில் இருவர் பேசிக்கொள்ளும்போது இந்த வேறுபாட்டை யாரும் தவறவிடுவதில்லை. ஆனால், நள்ளிரவு, தகரக் கூரையின்மேல் இடைவிடாத மழை, தொலைவில் ஓர் ஆட்டோவின் மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. அப்போது ‘வேண்’ என்பது வரை கேட்டு, அதன் பின் வரும் ஒலி குழம்பிப் போனால் என்ன செய்வது? ஏதோ அறிவிக்கிறார்கள் என்பது தெரியும். என்ன அறிவிக்கிறார்கள் என்பது தெரியாது.

விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இது வெறும் கற்பனையன்று. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் பல வண்டிகள் ரத்தாயின. பல வண்டிகள் வேறு தடங்களில் சென்றன. ஆற்றங்கரைச் சிற்றூர், நிவாரண முகாமாக மாறிய கல்யாண மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய மூன்று இடங்களிலும் மக்களுக்கு வேண்டியது ஒன்றே: புரியும்படியான ஒரு குரல்.

அத்தகைய குரலை அமைப்பதற்கு இன்று கணிப்பொறி மென்பொருள்கள் பல கிடைக்கின்றன. அவை எந்த இயற்பியலின்மீது நிற்கின்றன? எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சங்கு போதாதா?

அபாயச் சங்கை ஊதினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 1991-இல் முடிவுகளை வெளியிட்டனர். அபாய மணி மட்டும் ஒலித்தபோது பயணிகள் என்ன செய்வதென்று அறியாமல் தயங்கி நின்றனர். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியும் நிலையம் முழுதும் காலியாகவில்லை. என்ன நடக்கிறது, எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதைக் குரல் தெளிவாக எடுத்துச் சொன்னபோது ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் அனைவரும் வெளியேறினர். சங்கு எச்சரிக்கும், வழி சொல்லாது. வழி சொல்லக் குரல்தான் வேண்டும்.

உரம் வேறு, தெளிவு வேறு

‘சரியாகக் கேட்கவில்லை’ என்று யாராவது சொன்னால் மைக் செட் அமைப்பவர் உடனே ஒலியைக் கூட்டுகிறார். பல இடங்களில் இதனால் பயனில்லை. காரணத்தை ஆராய்வோம்.

நாம் பேசும்போது காற்றில் பரவும் ஒலியின் செறிவு ஒரே சீராக இருப்பதில்லை. ஓர் அசையை உச்சரிக்கும்போது அது மேடாக எழுகிறது. அடுத்த அசைக்கு முன் பள்ளமாகத் தாழ்கிறது. சாதாரணப் பேச்சில் வினாடிக்கு நான்கைந்து மேடுகள் வரும். உயிரொலிகள் பொதுவாக உரத்தவை. க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. குறுகிய நேரமே நிற்பவை. பள்ளங்களை ஒட்டியே வருபவை. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுவதில் மெய்யொலிகளுக்கே பெரும் பங்கு. ஆகவே, மேடுகளும் பள்ளங்களும் கேட்பவரின் காது வரை குலையாமல் வந்து சேர வேண்டும். அதுவே தெளிவு.

பள்ளங்களைத் தூர்த்துவிடும் பகைவர் இருவர். ஒன்று இரைச்சல்: மழை, ரயில் எஞ்சின், கூட்டத்தின் பேச்சு. மற்றொன்று எதிர்முழக்கம்: சுவர், தரை, கூரை ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்பும் ஒலி. ‘வேண்’ என்பதன் முழக்கம் அடங்கு முன்பே ‘டும்’ வந்தால், முன்னதன் வால் பின்னதன்மேல் படிந்து அதை மறைக்கிறது. ஈரத் தரையில் இட்ட கோலம் போல எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன.

இரைச்சலை ஒலி பெருக்கி வெல்லலாம். எதிர்முழக்கத்தை அவ்வாறு வெல்ல முடியாது. நேரொலியை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு மடங்கு முழக்கமும் கூடிவிடும். இதை ஒரு கணக்கின் மூலம் காண்போம்.

ஒரு கல்யாண மண்டபம்

நிவாரண முகாமாகும் மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 30 மீட்டர், அகலம் 15 மீட்டர், உயரம் 6 மீட்டர். அதன் கன அளவு 2,700 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 1,440 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு, மொசைக் தரை, கண்ணாடி முதலியவை ஒலியை மிகக் குறைவாகவே உட்கவரும். சராசரி உட்கவர் எண் 0.05 எனக் கொண்டால், மொத்த உட்கவர்ச்சி 1,440 × 0.05 = 72 சதுர மீட்டர்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் 1895 முதல் செய்த சோதனைகளால் ஓர் எளிய விதியைக் கண்டறிந்தார். ஒலி நின்றபின் அதன் அளவு 60 டெசிபல் குறைய ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர்ச்சியால் வகுத்தால் அது வினாடியில் கிடைக்கும். நம் மண்டபத்துக்கு 0.161 × 2,700 ÷ 72 = 6.0 வினாடி. ஆறு வினாடியில் முப்பது அசைகள் பேசலாம் அல்லவா? பேசிய அசையின் வால், அத்தனை அசைகளின் மேலும் படிகிறது!

இப்போது மண்டபத்தில் 400 பேர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். உடையணிந்த மனிதர் ஒருவர் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உட்கவர்வார். 400 பேரால் கூடுவது 180; மொத்தம் 252. எதிர்முழக்க நேரம் 1.7 வினாடியாகக் குறைகிறது. காலி மண்டபத்தில் மைக் செட்டைச் சோதித்துவிட்டு, ‘சரியில்லை’ என்றோ ‘சரியாக உள்ளது’ என்றோ முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

அடுத்தது தெளிவு. நெதர்லாந்தைச் சேர்ந்த பொய்ட்ஸ் என்பவர், கேட்போர் எத்தனை சதவீத மெய்யொலிகளை இழப்பர் என்பதைக் கணிக்க 1971-இல் ஒரு சூத்திரம் அளித்தார். தொலைவின் வர்க்கத்தையும் எதிர்முழக்க நேரத்தின் வர்க்கத்தையும் 200-ஐயும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். இதை, கன அளவையும் ஒலிபெருக்கியின் திசைக் காரணியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஒலியை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் எந்த அளவுக்கு ஒரு பக்கமாகக் குவிக்கிறது என்பதைக் காட்டுவதே திசைக் காரணி. ஒரே பேச்சைப் பல ஒலிபெருக்கிகள் ஒலித்தால் விடையை அவற்றின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். இழப்பு 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நன்று. 15-க்கு மேல் ஏற்கத்தக்கதன்று.

திசைக் காரணி 5 உள்ள ஓர் ஒலிபெருக்கியை மேடையில் வைப்போம். 8 மீட்டர் தொலைவில் காலி மண்டபத்தில் இழப்பு 34 சதவீதம். ஆட்கள் நிறைந்தபின் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் தொலைவு இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். 16 மீட்டரில் அது 11 சதவீதம். எட்டு ஒலிபெருக்கிகளைப் பரவலாக மாட்டி ஒவ்வொருவருக்கும் 5 மீட்டர் தொலைவில் ஒன்று இருக்குமாறு செய்தால் இழப்பு 8.6 சதவீதமாகிறது. எட்டு வாங்கியும் பலன் இவ்வளவுதான். மாறாக, திசைக் காரணி 10 உள்ள தூண் வடிவ ஒலிபெருக்கி ஒன்றையே மேடையில் நிறுத்தினால் 16 மீட்டரில் இழப்பு 5.5 சதவீதமே.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இச்சூத்திரத்தில் ஒலியின் உரமோ, ஆம்ப்ளிஃபையரின் வாட் அளவோ எங்கும் இல்லை! இரைச்சல் மிகக் குறைவாக உள்ள இடத்தில் தெளிவை முடிவு செய்வன அறையும் தொலைவும் திசையுமே.

தெளிவுக்கு ஓர் எண்

மேற்கண்ட சூத்திரம் இரைச்சலைக் கணக்கில் கொள்ளவில்லை. மழை பெய்யும் இரவில் அது போதாது. இக்குறையைத் தீர்த்தவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹவுட்காஸ்ட், ஸ்டேநெகன் ஆகிய இருவர். 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்ததே பேச்சுக் கடத்தல் குறியெண், சுருக்கமாக எஸ்.டி.ஐ. மேடு பள்ளங்கள் எவ்வளவு ஆழம் குறைந்து வந்து சேர்கின்றன என்பதை இது நேரடியாக அளக்கிறது. 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஏழு அதிர்வெண் பட்டைகள். ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 0.63 முதல் 12.5 வரை பதினான்கு ஏற்ற இறக்க வேகங்கள்; ஆக 98 அளவீடுகள். இவற்றைச் சேர்த்து 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சுருக்குகின்றனர். 0 என்றால் ஒன்றும் புரியாது. 1 என்றால் முழுத் தெளிவு. அபாய அறிவிப்புக்கு ஏறத்தாழ 0.5 தேவை என்பது உலகளாவிய வழக்கு. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதி, அளக்கும் இடங்களில் 90 சதவீதத்தில் 0.45-க்குக் குறையாமலும், சராசரி 0.50-க்குக் குறையாமலும் இருக்கப் பரிந்துரைக்கிறது. அளக்கும் முறையை ஐ.இ.சி. 60268-16 என்னும் சர்வதேசத் தரம் வரையறுக்கிறது. அதன் முதற்பதிப்பு 1988-லும் ஐந்தாம் பதிப்பு 2020-லும் வெளிவந்தன.

இரைச்சலும் பேச்சும் சம அளவில் இருந்தால் ஏற்ற இறக்கம் பாதியாகிறது. நம் மண்டபத்தில் 1.7 வினாடி எதிர்முழக்கம், முழக்கமே மேலோங்கும் தொலைவில், வினாடிக்கு நான்கு என்ற ஏற்ற இறக்கத்தை 0.31 மடங்காக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் 0.31 × 0.5, அஃதாவது ஏறக்குறைய 0.15. பகைவர் இருவரும் கூட்டு சேர்ந்தால் சேதம் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பது இதன் பொருள்.

மென்பொருள்கள் நான்கு வகை

ஏழு பட்டைகள், நூற்றுக்கணக்கான இருக்கைகள், பல ஒலிபெருக்கிகள் என்று வந்தால் கையால் கணக்கிட இயலாது. எனவே கணிப்பொறியின் துணையை நாடுகிறோம். இதற்கான மென்பொருள்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கணக்கு அட்டவணை. சபைன் விதியையும் பொய்ட்ஸ் சூத்திரத்தையும் எக்செல் போன்ற அட்டவணையில் எழுதிக்கொண்டால், சாதாரணச் செவ்வக மண்டபத்துக்கு முதல் மதிப்பீடு கிடைத்துவிடும். செலவில்லை. ‘இந்த மண்டபத்துக்குச் சாதாரண அமைப்பு போதுமா, நிபுணர் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு இது விடை தரும்.

இரண்டாம் வகை, நேரொலிப் பரவலை மட்டும் காட்டுபவை. இலவசமாகக் கிடைக்கும் ‘ஈஸ் ஃபோகஸ்’ இதற்கு எடுத்துக்காட்டு. எந்த மூலைக்கு எத்தனை டெசிபல் செல்கிறது என்பதை வண்ணப் படமாக வரைந்து காட்டும். திறந்த மைதானத்துக்கு இது பயன்படும். ஆனால் சுவர் எதிரொலிப்பை இது கணக்கிடாது. ஆகவே மூடிய மண்டபத்தில் இதன் அழகிய படத்தைக் கண்டு ‘தெளிவாக இருக்கும்’ என்று நம்புவது ஏமாற்றத்தில் முடியும்.

மூன்றாம் வகை, ஒலிக்கதிர்களைப் பின்தொடர்பவை. ஒலிபெருக்கியிலிருந்து ஆயிரக்கணக்கான கதிர்கள் புறப்பட்டு, சுவர்களில் பட்டுத் திரும்பி, கேட்பவரை வந்தடைவதைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. நார்வே நாட்டினர் மூவர் 1968-இல் இம்முறையைக் காட்டினர். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கிய ‘ஓடியான்’, ஜெர்மனியின் ‘ஈஸ்’, ஸ்வீடனின் ‘கேட்-அகூஸ்டிக்’ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. எஸ்.டி.ஐ. எண்ணை இருக்கைக்கு இருக்கை தருபவை. ஆனால் விலை அதிகம்.

நான்காம் வகை, திறந்த மூல மென்பொருள்கள். பிரான்சில் உருவான ‘ஐ-சிம்பா’, பைத்தான் மொழியில் இயங்கும் ‘பைரூம்அகூஸ்டிக்ஸ்’ போன்றவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். இரண்டாவது அறையின் துடிப்பு விடையைக் கணித்துத் தரும், அதிலிருந்து எஸ்.டி.ஐ. எண்ணை நாமே நிரல் எழுதிக் கணக்கிட வேண்டும். தொழிலுக்கு இது தடை. மாணவர்களுக்கு இதுவே நல்ல பாடம்.

தேர்வு செய்யக் கேட்க வேண்டிய கேள்விகள்

மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன் நம் தேவையைக் கேட்க வேண்டும். மூடிய இடமா, திறந்த வெளியா? மூடிய இடமானால் எதிரொலிப்பைக் கணக்கிடும் மென்பொருளே வேண்டும். விழுப்புரம் சந்திப்பு போன்ற நிலையத்தின் நடைமேடை இரண்டுக்கும் நடுப்பட்டது. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, ஒருபுறம் வந்து நிற்கும் வண்டியே சுவராகிவிடுகிறது. 24 பெட்டி வண்டி நிற்கும் நடைமேடை அரை கிலோமீட்டருக்கும் நீளமானது. அங்கே சிறிய ஒலிபெருக்கிகளை வரிசையாக மாட்ட வேண்டும். ஒன்றின் ஒலி மற்றொன்றின்மேல் தாமதித்து விழுவதையும் கணக்கிடத் தெரிந்த மென்பொருள் தேவை.

இரண்டாவது, இரைச்சலைப் பட்டை பட்டையாக உள்ளிட முடியுமா? தெளிவின் கணக்கில் 2,000 ஹெர்ட்ஸ் பட்டைக்கே மிகுந்த மதிப்பு. மொத்த டெசிபல் ஒன்றை மட்டும் ஏற்கும் மென்பொருள் அபாய அறிவிப்புக்குப் போதாது.

மூன்றாவது, நாம் வாங்கப்போகும் ஒலிபெருக்கியின் அளவிட்ட விவரம் கிடைக்குமா? எந்த அதிர்வெண்ணில் எந்தத் திசையில் எவ்வளவு ஒலி செல்கிறது என்ற கோப்பைத் தயாரிப்பாளர் தர வேண்டும். கடைத்தெருவில் விற்கும் பல குழாய் ஒலிபெருக்கிகளுக்கு இத்தகைய கோப்பு இல்லை. கோப்பில்லாத ஒலிபெருக்கிக்கு உயர்ந்த விலை மென்பொருளை வாங்குவது, படிக்கல் இல்லாமல் தராசு வாங்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, சுவர்களின் உட்கவர் எண்களை நாமே மாற்ற முடியுமா? வெளிநாட்டுப் பட்டியலில் தரைக் கம்பளமும் மரப்பலகையும் இருக்கும். நம் கட்டடங்களில் மங்களூர் ஓடும், தகரமும், மொசைக்கும், திறந்த சன்னலுமே உள்ளன. திறந்த சன்னலில் ஒரு சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் முழுமையான உட்கவர்ச்சிக்குச் சமம். 30 சதுர மீட்டர் சன்னல்களைத் திறந்தாலே நம் காலி மண்டபத்தின் எதிர்முழக்கம் 6 வினாடியிலிருந்து 4.3 ஆகிவிடும். புயல் நாளில் அவற்றை மூடிவிடுவோம் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த நான்காம் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் 1990-களின் முற்பகுதியில் தன் அரங்கம் ஒன்றைப் பல நாட்டு மென்பொருளாளர்களுக்குக் கொடுத்து, அதன் ஒலியியலைக் கணிக்கச் சொன்னது. வரைபடத்தைப் பார்த்து உட்கவர் எண்களை அவரவரே ஊகித்த முதற்கட்டத்தில் விடைகள் வெகுவாக வேறுபட்டன. 1995-இல் வெளியான முடிவுகள், சில மென்பொருள்களே நம்பத்தக்கவை என்று காட்டியதோடு, உள்ளிடும் எண் தவறானால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது என்பதையும் உணர்த்தின.

திறந்த வெளியின் சிக்கல்

தென்பெண்ணைக் கரையிலோ மரக்காணம் கடற்கரையிலோ எதிர்முழக்கம் இல்லை. ஆனால் தாமதம் உண்டு. ஒரு குழாய் 40 மீட்டரிலும் மற்றொன்று 140 மீட்டரிலும் இருந்தால், இரண்டாவதன் ஒலி 0.29 வினாடி பிந்தி வரும். அது ஏறக்குறைய 11 டெசிபல் குறைந்திருந்தும், ஏறத்தாழ ஓர் அசை தள்ளி விழுவதால் குழப்பும். மேலும் காற்றுக்கு எதிர்த் திசையில் ஒலி மேல்நோக்கி வளைந்து தரையில் ஒலி நிழல் உண்டாகிறது. இவ்விளைவுகளுக்கு இரைச்சல் வரைபட மென்பொருள்கள் உள்ளன. எனினும் புயலின்போது காற்று எத்திசையில் மாறும் என்பது உறுதியில்லை. ஆகவே ஒரே இடத்தில் உயரமாகப் பெரிய ஒலிபெருக்கியை வைப்பதோடு நில்லாமல், தெருவுக்கு அருகில் வரும் வண்டியையும் வீட்டுக்கு வீடு செல்லும் ஆட்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கணிப்பொறி சொல்லாதது

எஸ்.டி.ஐ. 0.5 கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. தாய்மொழியல்லாத மொழியில் கேட்பவருக்கு அதே தெளிவுக்கு இன்னும் உயர்ந்த எண் தேவைப்படும். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குரல் அறிவிப்புகள் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில் முன்பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் வாசகம் நம் கையில் உள்ளது. தமிழில் மறுப்பு, வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பேசுவோரின் குரல் தாழ்வதும் அங்கேதான். எனவே ‘வெளியேற வேண்டாம்’ என்பதைவிட ‘உள்ளேயே இருங்கள்’ என்பது பாதுகாப்பானது. ‘வெளியேற வேண்டும்’ என்பதற்குப் பதில் ‘உடனே பள்ளிக்கூடத்துக்குச் செல்லுங்கள்’ எனலாம். ஒரு சொல் தவறினும் மற்றச் சொற்கள் பொருளைத் தாங்கி நிற்கும். மெதுவாகப் பேசி, இடைவெளி விட்டு, இரு முறை சொல்ல வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

மாணவர்கள் இதைத் தங்கள் கல்லூரி அரங்கில் சோதித்துப் பார்க்கலாம். பெரிய பலூன் ஒன்றை ஊதி உடைத்து, அதன் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ‘ஆர்.இ.டபிள்யூ.’ என்ற இலவச மென்பொருளில் அப்பதிவிலிருந்து எதிர்முழக்க நேரத்தைக் காணலாம். அதைச் சபைன் விதியின் விடையோடு ஒப்பிடுங்கள். பின்னர் ஒருவர் ஒலிபெருக்கியில் தொடர்பில்லாத ஐம்பது சொற்களைப் படிக்க, மற்றவர்கள் பல இடங்களில் அமர்ந்து கேட்டதை எழுதட்டும். எந்த இருக்கையில் பிழை அதிகம் என்று குறித்தால் உங்கள் அரங்கின் தெளிவு வரைபடம் தயார். பலூன் உடைப்பதற்குமுன் அருகிலிருப்போருக்குச் சொல்லிவிடுங்கள்.

மென்பொருள் தருவது ஒரு கணிப்பு. அதன் மதிப்பு நாம் அளந்து கொடுக்கும் எண்களைப் பொறுத்தது. அமைப்பு முடிந்தபின் மழை நாளில், மின்சாரம் நின்ற நேரத்தில், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் அதை மீண்டும் சோதித்தாக வேண்டும். மிகத் தொலைவில் அமர்ந்துள்ள, செவித்திறன் சற்றுக் குறைந்த ஒரு முதியவர் அறிவிப்பைக் கேட்டு அதை அப்படியே திருப்பிச் சொன்னால், அந்த ஒலிபெருக்கி அமைப்பு தேறிவிட்டது எனலாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஊரும் செய்துகொள்ள வேண்டிய சோதனை இது.